முன்பாயும் அதைச் சுருட்டும் கருவியும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பைல் நாடு, கொல்லிமலை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதை எழுது, இல்லேன்னா உங்க மலையைப் பத்தி எழுது" என்றார். கொல்லிமலையைப் பற்றி எழுதினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீசுவரர் கோயில், வல்வில் ஓரி என்று நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். அதை ஏற்கெனவே எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆகவே, மலையில் பிறந்தவனுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பாய்மரப் படகின் முன்பாய், அதைச் சுருட்டும் கருவி, அதை மாட்டும் முறை, பராமரிக்கும் முறை. படித்துவிட்டுச் சிரிக்கலாம், தவறில்லை. நடுவில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது.

முதலில் நான் அங்கே எப்படிப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்பயிற்சிக்கு இடம் எழுதிய பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் நாமக்கல் லாரி பாடி பட்டறைகளை எடுத்தார்கள். கடைசியில் 'ரிக்கிங் பட்டறை, சென்னை, இருவர்' என்று இருந்தது. நம்ம ஊர்ப் பக்கம் ரிக் என்றால் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிதானே? ஆழ்துளைக் கிணறு போடும் வேலை, சென்னையில் என்றால் நல்ல கம்பெனியாகத்தான் இருக்கும் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். மே மாதம் அங்கே போய் இறங்கினால் பட்டறைக்குள் டிரில்லிங் ராடும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. நீளநீளமாக அலுமினியக் கம்பங்களும், சுருள் சுருளாகக் கயிறும், ஈரத் துணி வாடையும்தான் இருந்தன. படகின் கம்பம், கம்பி, கயிறு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ரிக்' என்று பெயராம். வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்த வருடத்து மிளகை நம்பி முன்பணம் வாங்கித்தான் எனக்கு ஃபீஸ் கட்டியிருந்தார். பையன் பாய் தைக்கும் இடத்தில் இருக்கிறான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பட்டறை மேஸ்திரி தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா தோணியில் பாய் கட்டிக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன காலத்து ஆள். அதனால் அண்ணாச்சி வாயில் பழைய வார்த்தைகள் அப்படியே இருந்தன. பாயை மேலே ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார். பாயின் பின்மூலையைப் பிடித்து இழுத்துக் காற்றுக்கு ஏற்பச் சரிசெய்யும் கயிற்றைத் தாமான் என்பார். முதலாளியும் வாடிக்கையாளரும் ஆங்கிலத்தில் ஹேல்யார்ட், ஷீட் என்று பேசுவார்கள். ஷீட் என்றால் பாய்த்துணி என்று நான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கயிறுக்குத்தான் அந்தப் பெயர் என்று தெரிந்தபோது, ஆஞ்சான், தாமான் என்பதே குழப்பமில்லாமல் இருக்கிறது என்று பட்டது. இக்கட்டுரையிலும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்று சாதாரணமாகக் காணும் ஒற்றைக்கம்பப் படகில் இரண்டு பாய்கள் இருக்கும். கம்பத்துக்குப் பின்னால் இருப்பது பெரிய பாய். கம்பத்துக்கு முன்னால், படகின் மூக்கிலிருந்து கம்பத்து உச்சிக்குச் சாய்வாகப் போகும் கம்பியில் கட்டுவது முன்பாய். அந்தக் கம்பிக்கு முன்கம்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். முன்பாய் முக்கோணமாக இருக்கும். கம்பத்தைத் தாண்டிப் பின்னாலும் நீண்டிருந்தால் அதை ஜெனோவா என்பார்கள், தாண்டாமல் சிறியதாக இருந்தால் ஜிப். எல்லாப் படகிலும் முன்பாய் இருக்கும் என்றும் இல்லை. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டிய படகில் ஒரே பாய்தான். அதே டோக்கியோவில் சென்னையின் கணபதி, வருண் தக்கர் இருவரும் ஓட்டிய 49இஆர் வகைப் படகில் முன்பாய் உண்டு.

முன்கம்பிக்கு இரண்டு வேலை. பாயைத் தாங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கம்பம் பின்னால் சாய்ந்து விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய முறையில் முன்பாயின் முன்விளிம்பு நெடுகப் பித்தளைக் கொக்கிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக முன்கம்பியில் மாட்டி, ஆஞ்சானால் மேலே ஏற்றுவார்கள். காற்று கூடினால் ஒருவர் படகின் மூக்குக்குப் போய், பாயை இறக்கி, கொக்கிகளைக் கழற்றி, சிறிய பாயை மாட்டி மறுபடி ஏற்ற வேண்டும். படகின் மூக்குதான் அலையில் அதிகமாக ஏறி இறங்கும் இடம். பம்பாயில் தேக்கில் கட்டிய 'சுஹைலி' என்ற படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-ல் கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். 312 நாள். அத்தனை நாளும் முன்பாயை மாற்ற ஒவ்வொரு தடவையும் அவரே மூக்குக்குப் போக வேண்டியிருந்தது.

சுருட்டும் கருவி வந்த பிறகு அந்த நடை குறைந்தது. ஆங்கிலத்தில் ரோலர் ஃபர்லர். நாம் சுருட்டி என்போம் (சுருட்டு குடிப்பவர்கள் மன்னிக்கவும்). 1900-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வைக்கம் மார்ட்டின் சுருட்டி என்று ஒன்று வந்துவிட்டது. ஆனால் அது முழுதாக விரிக்கும், முழுதாகச் சுருட்டும், பாதியில் நிற்காது. இன்று ஸ்வீடனின் ஃபர்லெக்ஸ், பிரான்சின் புரோஃபர்ல், அமெரிக்காவின் ஹார்கென் போன்றவை பாதி சுருட்டிய நிலையிலும் ஓட்டக்கூடிய வகை. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' படகின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கோவாவில் கட்டிய 56 அடிப் படகு, 2017-ல் கடற்படையில் சேர்ந்தது. முதல் உலகச் சுற்றுக்கு 6 பெண் அதிகாரிகள் போனார்கள். இரண்டாம் சுற்றில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே 29 அன்று திரும்பியவர்கள் இரண்டே பேர். கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. எட்டு மாதம், ஆள் மாற்ற ஆள் இல்லை. ஒருவர் தூங்கும்போது மற்றவர் ஒருவரே முழுப் படகையும் பார்க்க வேண்டும். படகு துறையில் நிற்கும் படங்களைப் பாருங்கள், முன்கம்பியில் பாய் உருட்டி வைத்த பாயைப் போலச் சுருண்டிருக்கும். 

சுருட்டியின் அமைப்பை நம் ஒர்க் ஷாப் பாஷையில் சொன்னால் மிகச் சுலபம். முன்கம்பியின் மேல் நீளமான அலுமினியக் குழல் ஒன்று செருகியிருக்கும். அதற்கு ஃபாயில் என்று பெயர். துண்டு துண்டாக இணைத்தது. அதில் நெடுக ஒரு காடி, சிலவற்றில் இரண்டு. பாயின் முன்விளிம்பில் தைத்த நாடாக் கயிறு இந்தக் காடிக்குள் நுழைந்து மேலே ஏறும். ஜன்னல் திரை ரெயிலில் நுழைவது போல. அடியில் ஒரு டிரம். டிரம்மும் ஃபாயிலும் ஒன்றாகச் சேர்ந்து சுழலும், உள்ளே இருக்கும் முன்கம்பி சுழலாது. மேலே ஸ்விவல் என்ற பாகம். அதன் ஒரு பாதியில் பாயின் தலை கட்டியிருக்கும், அது பாயோடு சுழலும். மறுபாதியில் ஆஞ்சான் கட்டியிருக்கும், அது சுழலக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் பேரிங்.

டிரம்மில் சுற்றிய கயிறு படகின் ஓரமாகவே பின்னால் ஓட்டுபவரிடம் வரும். அதை இழுத்தால் டிரம் சுழன்று பாய் சுருளும். தாமானை இழுத்தால் பாய் விரியும், கயிறு தானாக டிரம்மில் சுற்றிக்கொள்ளும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை பல. நான் நிறைய எழுதப் போவது ஸ்விவலைப் பற்றித்தான். மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். முன்கம்பியின் இரு முனையிலும் டாகிள் என்ற மூட்டு இருக்க வேண்டும். பாயில் காற்றுப் பிடித்தால் கம்பி பக்கவாட்டில் வளையும். மூட்டு இல்லாவிட்டால் முனையில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உலோகம் களைத்துவிடும். நமக்கு நான்காம் செமஸ்டரில் வந்த ஃபெட்டீக் இதுதான். டிரம்முக்குள் இருக்கும் திருகு நட்டைச் சரியான இறுக்கத்துக்கு வைத்த பிறகு கோட்டர் பின் போட்டுப் பூட்ட வேண்டும். சுருட்டும் கயிறு டிரம்முக்குள் நுழையும் இடத்தில் முன்கம்பிக்குச் செங்கோணமாக, டிரம்மின் நடு உயரத்துக்கு நேராக வர வேண்டும். சாய்ந்து வந்தால் ஒரே பக்கம் குவிந்து, சுற்றின் மேல் சுற்று ஏறி மாட்டிக்கொள்ளும். பாயை விரிக்கும்போது இந்தக் கயிற்றை அப்படியே விட்டுவிடாமல் கையில் கொஞ்சம் பிடி வைத்து விட வேண்டும், அப்போதுதான் இறுக்கமாகச் சுற்றும். பாய் முழுதும் சுருண்ட பிறகு தாமான் கயிறுகள் மேலே மூன்று நான்கு சுற்று வர வேண்டும். அப்போதும் டிரம்மில் சில சுற்றுக் கயிறு மிச்சம் இருக்க வேண்டும். சுழலும் திசையும் முக்கியம். பாயின் பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்க வேறொரு துணிப்பட்டை தைத்திருப்பார்கள். சுருண்டபின் அது வெளியே தெரிய வேண்டும். தப்பான திசையில் சுற்றினால் பட்டை உள்ளே போய், பாய் வெயில் தின்னும்.

இனி ஸ்விவல். ஆஞ்சான் கயிறு கம்பத்து உச்சியில் ஒரு கப்பியிலிருந்து இறங்கி ஸ்விவலுக்கு வருகிறது. அது முன்கம்பிக்கு இணையாக, ஒட்டியபடி வந்தால், ஸ்விவலின் மேல்பாதியும் பேரிங் உராய்வில் கொஞ்சம் சுழலப் பார்க்கும்போது, ஆஞ்சான் ஃபாயிலைச் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று விழுந்தால் போதும், அடுத்தடுத்துச் சுருட்டச் சுருட்ட இறுகும். ஆகவே ஆஞ்சான் முன்கம்பியிலிருந்து சுமார் 10 டிகிரி விலகிப் பின்னோக்கி வர வேண்டும். அந்தக் கோணம் கிடைக்க ஸ்விவல் ஃபாயிலின் உச்சிக்கு அருகில் நிற்க வேண்டும். பாயின் நீளம் குறைவாக இருந்தால் ஸ்விவல் கீழேயே நின்றுவிடும், கோணம் போய்விடும். அதற்குப் பரிகாரம், குறைகிற நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டைப் பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவில் போடுவது. பெண்டென்ட் என்பார்கள். கம்பத்து அமைப்பே கோணம் தராவிட்டால், ஆஞ்சானைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வளையம் திருக வேண்டும்.

இந்தப் பத்தியை நான் இவ்வளவு தெளிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு 36 அடிப் படகு வந்தது. அதன் முன்பாய் தலைப்பக்கம் நைந்துபோய், தையல்காரர் அதை வெட்டித் தைத்ததில் நீளம் 60 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அண்ணாச்சி என்னிடம் பாய்ப்பையையும், ஒரு ஷேக்கிளோடு சின்னக் கம்பித் துண்டையும் கொடுத்து, "தலையில இதப் போட்டு ஏத்து தம்பி" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார். நானும் என்னோடு வந்த இன்னொரு பயிற்சி மாணவனும் காலையில் காற்று இல்லாதபோது பாயை ஏற்றினோம். அவன் காடியில் நாடாவை ஊட்டினான், நான் ஆஞ்சானை இழுத்தேன். பாய் அழகாக ஏறியது. முன்விளிம்பில் குறுக்குச் சுருக்கம் மறையும் வரை மட்டும் இறுக்கினேன், அதற்கு மேல் இறுக்கினால் நெடுக்காக மடிப்பு விழும் என்று படித்திருந்தேன். சுருட்டிப் பார்த்தேன், சுருண்டது. அப்புறம்தான் கம்பித் துண்டு பைக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்தேன். பாயை மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று கம்பித் துண்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

மத்தியானம் கடல் காற்று எழுந்ததும் சோதனை ஓட்டம் போனோம். படகுக்காரர், அண்ணாச்சி, நாங்கள் இருவர். எனக்கு அதுதான் முதல் கடல் பயணம். வாந்தி எடுத்த கதையை விட்டுவிடுகிறேன். காற்று கூடியதும், பாயைப் பாதி சுருட்டு என்று அண்ணாச்சி சொன்னார். சுருட்டும் கயிறு என் கையில். இழுத்தேன். இரண்டு சுற்று வந்தது, நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடிக்கிறது, படகே நடுங்குகிறது. எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதற்றம். கயிற்றைப் பக்கத்தில் இருந்த விஞ்சில் நான்கு சுற்றுப் போட்டு, பிடியை மாட்டி, பலம் கொண்ட மட்டும் சுழற்றினேன். ஒரு முக்கால் சுற்று வந்தது. மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று.

"ஏல! என்னல பண்ணுத? விடு! விடு கயித்த!"

அதற்குப் பிறகு அண்ணாச்சி செய்தவற்றை அப்போது புரிந்துகொள்ளவில்லை, பின்னால் அவர் சொல்லித்தான் புரிந்தது. காற்று பின்னாலிருந்து வரும்படி படகைத் திருப்பச் சொன்னார். பெரிய பாயின் நிழலில் முன்பாய் வந்ததும் அடிப்பது நின்றது. பிறகு தாமானை இழுத்து, சுருட்டியதை எல்லாம் எதிர்த்திசையில் விரிக்கச் செய்தார். ஃபாயிலைச் சுற்றியிருந்த ஆஞ்சான் அவிழ்ந்தது. ஆஞ்சானைத் தளர்த்திப் பாயைக் கீழே கொண்டுவந்து, வாரிச் சுருட்டிக் கட்டினோம். உடனே சும்மா கிடந்த இன்னொரு ஆஞ்சானைப் படகின் மூக்கில் கட்டி இழுத்து இறுக்கினார். முன்கம்பி அறுந்தாலும் கம்பம் விழாமல் இருக்க. எஞ்சினைப் போட்டுத் திரும்பினோம்.

கரைக்கு வந்ததும் அண்ணாச்சி கயிற்றுத் தொட்டிலில் உட்கார்ந்து கம்பத்து உச்சிக்குப் போனார். இறங்கி வந்து, "பத்தொம்பதுல மூணு இழை போச்சு" என்றார். முன்கம்பி என்பது 19 தனி இழைகளை முறுக்கிய 8 மில்லிமீட்டர் துருவேறா எஃகுக் கம்பி. முழுதாக இருந்தால் சுமார் 4.5 டன் தாங்கும்.

மூன்று இழை எப்படிப் போகும்? அன்றிரவு தூக்கம் வராமல் நோட்டில் கணக்குப் போட்டேன். டிரம்மில் கயிறு சுற்றும் இடத்தில் ஆரம் 8 சென்டிமீட்டர். கையால் 20 கிலோ பலத்தில், அதாவது ஏறத்தாழ 200 நியூட்டனில் இழுத்தால் டார்க் 200 × 0.08 = 16 நியூட்டன் மீட்டர். நல்ல நிலையில் உள்ள சுருட்டிக்கு இது தாராளம். நான் போட்டது 16-ஆம் எண் விஞ்சு. அந்த எண்ணே அதன் பல மடங்கு. அதே 20 கிலோவைப் பிடியில் கொடுத்தால் கயிற்றில் 3,200 நியூட்டன், டிரம்மில் 256 நியூட்டன் மீட்டர். உராய்வில் பாதி போயிற்று என்று வைத்தாலும் 128. கார் சக்கரத்து நட்டை இறுக்குவதே சுமார் 100 தான். உச்சியில் ஆஞ்சான் சுற்றிக்கொண்டு ஃபாயிலைப் பிடித்து நிறுத்திவிட்டது, அடியில் நான் திருகுகிறேன். நடுவில் அகப்பட்டது முன்கம்பியின் மேல்முனை. முறுக்கை அவிழ்க்கும் திசையில் திருகியிருக்கிறேன். இழை பிரிந்து, அழுத்திப் பிடித்த முனையின் விளிம்பில் அறுந்திருக்கிறது.

காற்றின் பலத்தையும் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன். பாய் 35 சதுர மீட்டர். காற்று வினாடிக்கு 10 மீட்டர். அழுத்தம் 0.5 × 1.2 × 100 = 60 நியூட்டன் ஒரு சதுர மீட்டருக்கு. மொத்தம் 2,100 நியூட்டன், 210 கிலோ அளவு. காற்று இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். இதைத் தாங்கத்தான் அந்தக் கம்பி. திறந்த கடலில் கம்பம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அறிந்த உதாரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் போட்டியில் அபிலாஷ் டோமியின் 'துரியா' தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் கவிழ்ந்து எழுந்தபோது கம்பம் முறிந்தது. அவருடைய முதுகில் பலத்த அடி. பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து மீட்டது. அவருக்குக் காரணம் புயல். எனக்கு ஒரு பைக்குள் கிடந்த 60 சென்டிமீட்டர் கம்பி.

அன்று மாலை அண்ணாச்சி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. விஞ்சில் போட்டதை அவர் பார்த்துவிட்டார். கம்பித் துண்டு விஷயம் அவருக்குத் தெரியாது. பாய் தைத்தவர் மீதோ சுருட்டியின் பேரிங் மீதோ பழி போயிருக்கும். அப்படியே போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பயிற்சிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் டிப்ளமோ முடியாது. பைல் நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பாதியில் திரும்பி, பஸ்ஸில் அந்த 70 வளைவும் ஏறி வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் உயரமான பலா மரத்தில் பழத்தை வெட்டிக் கீழே போட மாட்டோம், சிதறிவிடும். காம்பில் கயிறு கட்டி, கிளை மேல் போட்டு, மெதுவாக இறக்குவோம். சில நேரம் கயிறு எங்காவது மாட்டும். சின்ன வயதில் நான் கீழே நின்று வெடுக்கென்று இழுப்பேன். "வரலைன்னா இழுக்காதடா, அண்ணாந்து பாரு" என்று அப்பா மரத்திலிருந்தே சத்தம் போடுவார். பத்து வயதில் பலா மரத்தடியில் தெரிந்த விஷயம், பாலிடெக்னிக் படித்த பிறகு கடலில் மறந்துபோயிருக்கிறது.

மறுநாள் காலை கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். போடவில்லை என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு படகுக்காரருக்குப் போன் செய்து, தப்பு எங்கள் பக்கம், முன்கம்பி எங்கள் செலவு என்று சொன்னார். என்னிடம், "புதுக் கம்பிக்கு அளவு நீதான் எடுக்க. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் நீதான் மறுபடி எடுக்க" என்றார். மூன்று தடவை எடுத்தேன். பட்டறைக்கு ஆன செலவை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

புதுக் கம்பி போட்டு, பெண்டென்டும் போட்டு, ஸ்விவலை உச்சிக்குக் கொண்டுபோன பிறகு அதே பாய் அதே காற்றில் ஒரே கையால் சுருண்டது. பாதி சுருட்டிய நிலையில் தாமானின் கோணத்தை எப்படி மாற்றுவது என்று அன்றுதான் கற்றேன். தாமான் ஒரு கப்பி வண்டி வழியாகப் போகும், அந்த வண்டி தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். பாயின் முன்விளிம்பின் அருகே இரண்டு பக்கமும் கம்பளி நூல் துண்டுகள் மேலே, நடுவே, கீழே என ஒட்டியிருக்கும். மேல் நூல் முதலில் துள்ளினால் வண்டியை முன்னால் தள்ள வேண்டும், கீழ் நூல் முதலில் துள்ளினால் பின்னால். மூன்றும் ஒன்றாகத் துள்ளினால் சரி. பாயைச் சுருட்டச் சுருட்டப் பின்மூலை முன்னாலும் மேலேயும் நகர்வதால் வண்டியையும் முன்னால் தள்ள வேண்டும். சுருட்டிய பாய் நடுவில் தொப்பையாகிவிடும், அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டி ஓட்டுவதில் பயனில்லை. பலத்த காற்றுக்குத் தனியாகச் சின்னப் பாய் இருப்பதே நல்லது என்பார் அண்ணாச்சி. சுருட்டி இருக்கிறதே என்று எல்லாக் காற்றுக்கும் ஒரே பாயை வைத்துக்கொள்பவர்களை அவருக்குப் பிடிக்காது. எனக்கும் அவர் சொல்வதே சரியென்று படுகிறது.

பராமரிப்பில் முதல் மருந்து நல்ல தண்ணீர். உப்பு காய்ந்தால் படிகமாகும், படிகம் பேரிங்கில் மணல் மாதிரி அரைக்கும். ஆகவே டிரம்மையும் ஸ்விவலையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அதன் பிறகு கிரீஸ் போடலாமா என்றால், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்கென் போன்றவற்றில் பிளாஸ்டிக் குண்டுகள், கிரீஸ் போட்டால் தூசி ஒட்டிக் கெடும். ஃபர்லெக்ஸில் எஃகுக் குண்டுகள், அதற்கான கிரீஸ் வேண்டும். புரோஃபர்லில் மூடிய பேரிங், கை வைக்க வேண்டாம். லாரிப் பட்டறையில் கண்டதுக்கெல்லாம் கிரீஸ் அப்பிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். கையேட்டைப் படித்துவிட்டுத் தொட வேண்டும்.

அடுத்தது அரிப்பு. ஃபாயில் அலுமினியம், திருகாணி துருவேறா எஃகு, நடுவில் உப்புத் தண்ணீர். கெமிஸ்ட்ரி லேபில் செய்த பேட்டரி அப்படியே. அலுமினியம் வெள்ளை மாவாகிக் கரையும், திருகாணி ஒட்டிக்கொண்டு வராது. திருகாணி போடும்போதே இரண்டு உலோகத்தையும் பிரித்து வைக்கும் பசையைத் தடவிப் போட வேண்டும். வருடம் ஒருமுறையாவது உச்சிக்கு ஏறி முன்கம்பியின் முனையைப் பார்க்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். ஒரு துணியைக் கம்பியில் சுற்றி இழுத்தால் அறுந்த இழை துணியில் மாட்டும். வெறும் கையை ஓட்டக் கூடாது, கிழித்துவிடும்.

நம் கடற்கரையில் பாயைக் கெடுப்பது காற்றைவிட வெயில். துணிக்கு முன்னால் தையல் நூல் மக்கும். நகத்தால் கீறிப் பார்த்து நூல் பொடிந்தால் மறு தையல் போட வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன் முன்பாயைக் கழற்றி, கழுவி, காய வைத்து, மடித்து உள்ளே வைத்துவிடுவது நல்லது. சுருட்டிக் கட்டியிருக்கிறதே என்று விட்டால், புயல் காற்று ஒரு மூலையைப் பிரித்தெடுக்கும், அது அடித்து அடித்துக் கிழியும், கம்பத்தையும் ஆட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்ததைப் பற்றிச் சொல்லும்போது அண்ணாச்சி இதைத்தான் முதலில் சொன்னார்.

பயிற்சி முடிந்து கிளம்பும் அன்று பழைய முன்கம்பியின் மேல்முனையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தந்தார் அண்ணாச்சி. 16 இழை முழுசு, 3 இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வைவாவில் வெளித்தேர்வாளர் ஃபெட்டீக்குக்கும் முறுக்கு உடைசலுக்கும் வித்தியாசம் கேட்டபோது பையிலிருந்து இதை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எங்கே கிடைத்தது என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். இப்போது அது ஹாஸ்டலில் என் பெட்டியில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம், முனை கூர்மையானது, துணியோடு பிடித்துப் பாருங்கள். அப்பாவிடம் மட்டும் தீபாவளி லீவில்தான் காட்டினேன். மிளகுக் கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, இழைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "இதுக்கு என்ன விலை?" என்று கேட்டார்.